மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்

நேயர்களுக்கு வணக்கம்.

வேதாகமத் தீர்க்கதரிசனங்களை நம்பலாமா என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். வேதாகம வகுப்பு எடுக்கிற ஆளிடம் இதைக் கேட்டால் 'நம்பலாம்' என்றுதான் பதில் வரும். அது அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் எதை வைத்து நம்புகிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அச்சுப் பிசகாமல் நிறைவேறியவை என்று மேடையில் சொல்லப்படுகிறவற்றைவிட, நிறைவேறாதது போலத் தெரிகிறவைதான் எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன. கேட்க விநோதமாக இருக்கும், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அந்தச் சொல்லையே பார்த்துவிடலாம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'தீர்க்கதரிசி'. தீர்க்கம் என்றால் நீளம். நெடுந்தூரம் பார்க்கிறவர் என்று பொருள் வந்துவிடுகிறது. கத்தோலிக்கர்கள் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் 'இறைவாக்கினர்', அதாவது இறைவன் சொன்னதை எடுத்துச் சொல்கிறவர். எபிரெயத்தில் 'நவீ', நமக்குப் பழக்கமான 'நபி'யும் இதே குடும்பம்தான். இதில் எது சரி? யாத்திராகமம் 7ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தனக்குப் பேச வராது என்று மோசே தயங்க, உன் அண்ணன் ஆரோன் உனக்குத் தீர்க்கதரிசியாக இருப்பான் என்கிறார் கடவுள். ஆரோன் வருங்காலம் எதையும் பார்க்கவில்லை. மோசே சொன்னதைப் பார்வோனிடம் போய்ச் சொன்னார், அவ்வளவுதான். ஜோசியக்காரரை அளக்கிற கோலை எடுத்துக்கொண்டு இவர்களிடம் போனால் அளவு கொஞ்சம் பிசகத்தான் செய்யும்.

இதைச் சொல்லிவிட்டு நழுவப் போவதில்லை. வருவதை முன்னால் சொன்ன இடங்கள் வேதாகமத்தில் நிறையவே இருக்கின்றன. அதற்குத் தேர்வு வைப்பதும் வேதாகமமேதான். உபாகமம் 18: கர்த்தரின் பெயரால் ஒருவன் சொன்னது நடக்காவிட்டால், "அந்தத் தீர்க்கதரிசி அதைத் துணிகரத்தினால் சொன்னான், அவனுக்கு நீ பயப்படவேண்டாம்." அதே புத்தகத்தின் 13ஆம் அதிகாரம் இன்னும் கறார். சொன்னது நடந்தேவிட்டாலும், வேறு தேவர்களிடம் உன்னை இழுக்கிறவன் பேச்சைக் கேட்காதே என்கிறது. பலித்துவிட்டது என்பது மட்டும் போதாது.

சரி, தேர்வு இருக்கிறது. ஆனால் முடிவு வரும்வரை கேட்கிறவன் என்ன செய்வான்? எரேமியா 28ஆம் அதிகாரம் இந்தச் சங்கடத்தை அப்படியே நம் கண்முன் வைக்கிறது. கி.மு. 594 வாக்கில், எருசலேம் தேவாலயம். எரேமியா கழுத்தில் மர நுகத்தடி மாட்டிக்கொண்டு நிற்கிறார். பாபிலோனுக்கு அடங்கித்தான் ஆக வேண்டும் என்பதற்கு அடையாளமாக. எதிரே கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா. இரண்டே வருஷம், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்களெல்லாம் திரும்பி வரும் என்கிறார். அவரும் 'கர்த்தர் சொல்லுகிறார்' என்றுதான் ஆரம்பிக்கிறார். பார்க்கிற கூட்டத்துக்கு யாரை நம்புவது? எரேமியாவின் பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது: "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." நடந்தால் எனக்கும் சந்தோஷம்தான் என்கிற தொனி. சமாதானம் சொல்கிற தீர்க்கதரிசியை அது நடக்கும்போது தெரிந்துகொள்ளலாம் என்று மட்டும் கூடவே சொல்கிறார். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். எரேமியா வாதாடவில்லை, சபிக்கவில்லை. தன் வழியே போனார் என்று எழுதியிருக்கிறது. அப்புறம்தான் கடவுளிடமிருந்து அவருக்கு வார்த்தை வருகிறது. அனனியா அந்த வருஷமே இறந்துபோகிறார்.

இதில் ஒரு சின்ன விஷயம். எபிரெய மூலம் அனனியாவையும் 'தீர்க்கதரிசி' என்றுதான் அழைக்கிறது. பிற்பாடு கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களுக்குப் பொறுக்கவில்லை; 'கள்ளத் தீர்க்கதரிசி' என்று போட்டுவிட்டார்கள். சம்பவம் நடந்த நாளில் யார் நெற்றியிலும் அப்படி எழுதி ஒட்டியிருக்கவில்லை. மூலம் அந்தக் குழப்பத்தைக் குழப்பமாகவே வைத்திருக்கிறது. பாபிலோனின் ஆதிக்கம் எழுபது வருஷம் நீடிக்கும் என்று எரேமியா சொல்லியிருந்தார். அந்த எழுபதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று அறிஞர்கள் இன்னும் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு வருஷம் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் உறுதி.

எருசலேம் மண்மேடாகும் என்று மீகா சொன்னார். எசேக்கியா ராஜா மனம் திரும்பினார். அவர் காலத்தில் அது நடக்கவில்லை. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, எரேமியாவைக் கொன்றே தீருவோம் என்று ஒரு கூட்டம் நிற்கும்போது, ஊர்ப் பெரியவர்கள் இந்தப் பழைய கதையை எடுத்துத்தான் அவருக்காகப் பேசுகிறார்கள். மீகா சொன்னது பொய்த்துப்போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. எச்சரிக்கை வேலை செய்தது என்றே எடுத்துக்கொண்டார்கள். யோனாவின் நினிவேயும் இதே ரகம்: நாற்பது நாள் கெடு, நகரம் கவிழவில்லை, கவிழாததில் வருத்தப்பட்ட ஒரே ஆள் யோனா.

அடுத்து தீரு. இதைச் சொல்லாத பிரசங்கியார் குறைவு. கடலுக்குள் தீவாக இருந்த வணிக நகரம் அது. அதன் கல்லையும் மரத்தையும் மண்ணையும் கடலில் போடுவார்கள் என்று எசேக்கியேல் 26 சொல்கிறது. கி.மு. 332இல் மாவீரன் அலெக்சாண்டர் கரையிலிருந்த பழைய நகரத்தை இடித்து, அந்த இடிபாட்டைக் கடலில் கொட்டிப் பாதை போட்டுத் தீவைப் பிடித்தார். கேட்டால் சிலிர்க்கத்தான் செய்யும். பிரசங்கம் வழக்கமாக இங்கே முடிந்துவிடும். ஆனால் அந்த அதிகாரம் பெயர் சொல்லி அழைப்பது பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரை. அவர் பதின்மூன்று வருஷம் முற்றுகை போட்டதாக யோசேபஸ் என்ற பண்டைய யூத வரலாற்றாசிரியர் எழுதுகிறார். பலன்? எசேக்கியேலே 29ஆம் அதிகாரத்தில் சொல்கிறார்: சுமை தூக்கித் தூக்கி வீரர்களின் தலை மொட்டையாயிற்று, தோள் தோலுரிந்தது, கூலி மட்டும் கிடைக்கவில்லை. 'இனிக் கட்டப்படாய்' என்ற வரியும் 26இல் உண்டு. அந்த ஊர் இன்றும் லெபனானில் இருக்கிறது. பவுல் அங்கே ஏழு நாள் தங்கியதை அப்போஸ்தலர் நடபடிகளே சொல்கிறது.

அந்தப் பழைய தீவு ராஜ்யத்தின் பெருமை திரும்பவே இல்லை என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அது ஓரளவு நியாயமும்கூட. என்னைத் தொடுவது அதுவல்ல. 26ஆம் அதிகாரத்துக்கும் 29இல் வரும் இந்தப் பகுதிக்கும் இடையே பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறது. எழுதினவருக்கோ தொகுத்தவர்களுக்கோ முதலில் சொன்னதைச் சத்தமில்லாமல் திருத்த மனம் வந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஒரு எழுத்தாணி போதும். தேதி போட்டு, இரண்டையும் ஒரே புத்தகத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள்.

'எல்லாமே நடந்த பிறகு எழுதியதாக இருக்கலாமே' என்று கேட்பீர்கள். பழைய கேள்வி அது. தானியேலின் புத்தகத்தைப் பற்றி போர்ஃபிரி என்ற தத்துவ அறிஞர் 3ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கேட்டார். கி.மு. 160களில் எழுதப்பட்டது என்றார். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம்தான். இதை மறைத்துப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. இயேசுவைக் குறிப்பதாகக் கிறிஸ்தவர்கள் வாசிக்கிற பகுதிகளில் மட்டும் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. 1947 வாக்கில் சவக்கடல் பக்கத்துக் கும்ரான் குகையில், மண்ஜாடிகளுக்கு நடுவே, ஏசாயா தோற்சுருள் கிடைத்தது. ஏழு மீட்டருக்கு மேல் நீளம், 66 அதிகாரமும் இருக்கிறது, இயேசுவுக்கு நூறு வருஷத்துக்கு முந்தியது. அதுவரை ஆய்வாளர்கள் கையிலிருந்த மிகப் பழைய முழு எபிரெய வேதாகமப் பிரதி கி.பி. 1008இல் எழுதப்பட்டது. பாடுபடும் ஊழியனைப் பற்றிய 53ஆம் அதிகாரம் அந்தச் சுருளில் அப்படியே இருக்கிறது. ஒரு வசனத்தில் பிற்கால எபிரெயப் பிரதியில் இல்லாத 'வெளிச்சம்' என்ற சொல் கூடுதலாக இருக்கிறது. கிறிஸ்தவர்கள் செருகியது என்று அதைச் சொல்ல வழியே இல்லை. ஆனால் அந்த ஊழியன் யார் என்பதைச் சுருள் சொல்லாது. அங்கே யூதர்களும் நாங்களும் வேறு வேறு விதமாக வாசிக்கிறோம்.

உலக முடிவுக்குத் தேதி குறிக்கிறவர்களைப் பற்றி ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று காத்திருந்தார்கள். மறுநாள் வழக்கம்போல விடிந்தது. இயேசு என்ன சொன்னார்? "பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான், பரலோகத்திலுள்ள தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார்." இது மாற்கு 13. நம் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 24ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'குமாரனும்' என்பது இருக்காது. அது பின்பற்றிய பிரதிகளில் அந்தச் சொல் இல்லை; இயேசுவுக்கே தெரியாது என்று எழுத யாரோ ஒரு நகலெழுத்தாளருக்குக் கை நடுங்கியிருக்கலாம். நல்லவேளை, மாற்கில் பிழைத்துக்கொண்டது.

நேரம் ஆகிவிட்டது. எரேமியாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி மண்மேடு போட்டுவிட்டது. எரேமியா காவல் முற்றத்தில் கைதி. அந்த நேரத்தில் அவருடைய அப்பாவுடன் பிறந்தவரின் மகன் வந்து, ஆனதோத் ஊரில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்கிறார். அது எதிரி கையில் போன நிலம். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிக் கையெழுத்து வாங்குகிறார். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டு பத்திரம். ரொம்ப நாள் இருக்க வேண்டும், மண்பாண்டத்தில் வை என்று தன் எழுத்தரான பாருக்கிடம் கொடுக்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலம் வாங்குவார்கள் என்பதுதான் அவர் சொன்ன தீர்க்கதரிசனம். அதெல்லாம் முடிந்த பிறகு தனியாக ஜெபிக்கிறார்: ஆண்டவரே, மண்மேடு கண்முன்னே நிற்கிறது, நீர் நிலத்தை வாங்கச் சொல்கிறீரே! காசு கொடுத்த பிறகும் அவருக்கே தலை சுற்றுகிறது.

நகரம் விழுந்தது. எரேமியாவை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தை அவர் அனுபவித்ததாக எங்கும் எழுதியில்லை. பாபிலோன் விழுந்த பிறகு ஊர் திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஊர் ஊராகத் தலை எண்ணிக்கை, வாசிக்கவே அலுப்பாக இருக்கும். இருபத்துமூன்றாவது வசனம்: ஆனதோத்தின் மனிதர், 128 பேர்.

வணக்கம்.