சிங்கத்துக்கு பெர்மிட் கேட்ட காலம்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

மலேசியாவின் தேசிய அடையாளத்தை வளர்த்தது அரசின் பண்பாட்டுக் கொள்கையா, மக்களின் புழக்கமா? புழக்கம்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 1969 மே 13 இனக் கலவரத்தைச் சொல்லி, "அதற்குப் பிறகும் அரசு கைகட்டிக்கொண்டு நிற்க முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டையோ தேசிய மொழியான மலாயையோ நான் குறை சொல்லவில்லை. பள்ளியில் படித்த மலாய் இல்லையென்றால் பக்கத்து வீட்டுச் சீன அக்காவோடு குப்பைத்தொட்டிச் சண்டைகூடப் போட்டிருக்க முடியாது!

ஆனால் 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு மொழியோடு நின்றதா? மூன்று கோட்பாடுகளை வகுத்தது. இவ்வட்டாரப் பூர்வகுடி மக்களின் பண்பாடே அடித்தளம். மற்றவர் பண்பாட்டில் பொருத்தமானவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இஸ்லாம் முக்கியக் கூறு. இதில் என்னை உறுத்துவது நடுவில் இருக்கும் 'பொருத்தமான' என்ற சொல். பெண் பார்க்க வந்த இடத்தில், "பொருத்தமா ஏதாவது போடுங்க, போதும்" என்பார்கள் அல்லவா? எத்தனை பவுன் என்பது பிறகுதான் தெரியும்!

அப்படித்தான் சீனர்களின் சிங்க நடனம் மாட்டிக்கொண்டது. சிங்கம் இந்த மண்ணின் விலங்கு இல்லை, புலி நடனம் ஆடலாமே என்று அந்நாள் உள்துறை அமைச்சரே யோசனை சொன்னார். ஆடுவதற்குப் போலீஸ் பெர்மிட் கேட்டார்கள். புலி ஆடியதா ஐயா? சிங்கம்தான் ஆடியது. உயரமான இரும்புக் கம்பங்களின் மேல், தலைக்கு ஒருவர் வாலுக்கு ஒருவராக, கம்பத்துக்குக் கம்பம் தாவி ஆடியது. ஜொகூர் மாநிலத்து மூவார் ஊர்க் குழு உலகப் போட்டிகளில் வாகை சூடியது. கடைசியில் அதே கம்பச் சிங்க நடனத்தை அரசே தேசிய மரபுடைமையாக அறிவித்தது! யார் வழிக்கு யார் வந்தார்கள்?

சரி, அடித்தளம் என்று சொன்ன மலாய்க் கலையாவது பிழைத்ததா? கிளந்தான் மாநிலத்தின் மாக் யோங் நாட்டிய நாடகத்தைப் பாருங்கள். பெண்களே ராஜா வேடம் கட்டும் ஆட்டம். 1990களில் மாநில அரசு அதற்குத் தடை போட்டது. 2005இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. தடை நீங்கியது 2019இல், அதுவும் நிபந்தனைகளோடு. "அது மாநில அரசு, கூட்டரசு இல்லை" என்பார் எதிரணித் தலைவர். தடைபட்டு உட்கார்ந்த ஆட்டக்காரிக்கு இரண்டும் அரசுதானே ஐயா?

அதே கிளந்தானில் வாயாங் கூலிட் என்ற நிழற்பாவைக் கூத்தைப் பாருங்கள். வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு. தோல் பாவையைக் கையில் பிடித்தபடி, டாலாங் எனப்படும் பாவையாட்டி குரல் மாற்றிப் பேசுகிறார். அவர் முஸ்லிம். சொல்லும் கதையில் ஸ்ரீ ராமா, சித்தி தேவி, மகாராஜா வானா. நம்ம ராவணன்தான் அந்த மகாராஜா! இது பொருத்தமா என்று எந்தக் குழு கூடி ஆராய்ந்தது?

மணி அடித்துவிட்டது, ஒரே நிமிடம். எதிரணித் தலைவர் வரும் வழியில் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தே தாரேக் என்ற ஆற்றிய தேநீர் குடித்தாராம், அவரே சொன்னார். மலாயில் கடைக்குப் பெயர் 'கெடாய்'. நம்ம 'கடை' என்ற சொல்தான். கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்'. இவற்றைச் சேர்த்தது எந்த மாநாடு என்று அவரே எழுந்து சொல்லட்டும். நான் உட்காருகிறேன்.