பத்து ரூபாய்ப் பாக்கெட்

நேயர்களுக்கு வணக்கம்.

உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களிடம் பாக்கெட் தின்பண்டம் என்று பேச்செடுத்தாலே, "அதில் அஜினமோட்டோ போடுகிறார்களே, அதுதானே கெடுதல்?" என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளும் அதைத்தான் சொல்கின்றன. நான் இல்லை என்று சொன்னால் பலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கிறது. தக்காளியில் இயல்பாகவே இருக்கிற, சுவை கூட்டும் குளூட்டமேட்தான் அஜினமோட்டோவிலும் இருக்கிறது. நூடுல்ஸ் பாக்கெட்டில் நான் முதலில் பார்ப்பது சாதாரண உப்பை. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் சோடியம் போதும், அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல நூடுல்ஸ் பாக்கெட்டுகளில் ஒன்றிலேயே 800 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. அதைச் சாயங்காலம் நாலு மணிக்குத் தின்றுவிட்டு, ராத்திரி இட்லிக்குச் சாம்பாரும் சட்னியும் ஊற்றிக்கொள்கிறோம். ரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

ஒரே ஒரு பொருளைப் பிடித்து அதுதான் விஷம் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்கும். அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்னலாமே! ஆனால் விஷயம் அப்படி இல்லை. பிரேசில் நாட்டில் சாவோ பாலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேரோ ஒரு புதிரைக் கவனித்தார். மக்கள் கடையில் எண்ணெயும் சர்க்கரையும் முன்பைவிடக் குறைவாக வாங்குகிறார்கள், ஆனால் உடல் பருமன் கூடிக்கொண்டே போகிறது. சமையலறையில் குறைந்த எண்ணெயும் சர்க்கரையும் பிஸ்கெட்டாகவும் குளிர்பானமாகவும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. அப்புறம் 2009ஆம் ஆண்டில், உணவில் என்ன சத்து இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல் அது எப்படித் தயாரானது என்பதையும் பார்க்க வேண்டும் என்று எழுதினார். எவ்வளவு பதப்படுத்தியது என்பதை வைத்து உணவுகளைப் பிரிக்கிற, இன்று 'நோவா' என்று சொல்லப்படும் பகுப்பு அதிலிருந்து வந்ததுதான்.

பதப்படுத்துவது எல்லாமே தப்பு என்று அவர் சொல்லவில்லை. பாலைத் தயிராக்குவதும் மாவைப் புளிக்கவைப்பதும் பதப்படுத்துவதுதான். அவர் குறை சொன்னது, ஆலையில் மாவுச்சத்தையும் எண்ணெயையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, வாசனையும் நிறமும், எண்ணெயும் நீரும் பிரியாமல் வைக்கிற குழைமமும் சேர்த்து மறுபடி ஒட்டவைக்கிற உணவுகளை. இவற்றைத்தான் மிகையாகப் பதப்படுத்திய உணவு என்கிறார்கள்.

சரி, கருத்து இருக்கட்டும், நிரூபணம் எங்கே என்று கேட்பீர்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் ஒரு சோதனை நடத்தி, 2019இல் வெளியிட்டார். 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் சமம். (பாக்கெட் உணவில் நார்ச்சத்தை எப்படிச் சமமாக்கினார்கள் தெரியுமா? எலுமிச்சை பானத்தில் நார்ப்பொடியைக் கரைத்துக் கொடுத்தார்கள்!) வேண்டிய அளவு சாப்பிடலாம், பிடிக்காவிட்டால் மிச்சம் வைக்கலாம்.

பாக்கெட் உணவு வாரங்களில் ஒவ்வொருவரும் சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட 900 கிராம் எடை கூடியது. சமைத்த உணவுக்கு மாறியபோது அதே அளவு குறைந்தது. யாரும் அவர்களைக் கூடுதலாகத் தின்னச் சொல்லவில்லை. வேகமாகச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். சமைத்த உணவு தின்ற நாள்களில் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் குறைந்திருந்தது, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் ஒன்று கூடியிருந்தது. இது சிறிய சோதனைதான். ஆனால் 2025இல் இங்கிலாந்தில் 55 பேரிடம் நடந்த சோதனையில், இரண்டு வகையிலும் சத்து விதிகளுக்கு உட்பட்ட உணவையே கொடுத்தும், குறைவாகப் பதப்படுத்திய உணவில் இருந்தபோது குறைந்த எடை, மிகையாகப் பதப்படுத்திய உணவில் குறைந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதை நம் ஊர்ப் பெட்டிக்கடையிலேயே பார்க்கலாம். வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே, குச்சி குச்சியாக, காரமாக, பத்து ரூபாய்ப் பாக்கெட். அதில் இருப்பது அரிசி மாவு, சோள மாவு, கடலை மாவு, பாமாயில், மசாலா. கேட்டால் முறுக்குக்கான சாமான் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் சிறு துளை வழியாகத் தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் உள்ளிருக்கும் ஈரம் சட்டென்று ஆவியாகி, மாவு காற்றாக உப்பிவிடுகிறது. வாயில் போட்டால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை, கரைந்துவிடும். முறுக்கைக் கடித்து, நொறுக்கி, மென்றாக வேண்டும். இரண்டாவது முறுக்குக்குள் தாடை வலிக்கும். முறுக்கு உடம்புக்கு நல்லது என்று சொல்லவரவில்லை. அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், பாக்கெட் நிறுத்தாது.

சர்க்கரை நோய் பற்றியும் கேட்பீர்கள். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு மதிப்பிட்டது. அந்தப் பழி முழுவதையும் பாக்கெட் மேல் போட நான் தயாரில்லை. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியுமாகச் சாப்பிட்டு, நடக்கவே நடக்காமல் இருப்பதும் நாம்தான். ஆனால் 300 மில்லி கோலாவில் எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. அதைக் குடிக்கிற பிள்ளை, குடித்துவிட்டோம் என்பதற்காகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதில்லை.

பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து எறும்பு அளவில் இருக்கும், செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முன்பக்கத்தில் கதிரும் தானியமும் படம் போட்டிருக்கும், பின்பக்கத்தில் முதல் சொல் மைதாவாக இருக்கும். சர்க்கரை என்று ஒரு இடத்தில், இன்வர்ட் சிரப் என்று இன்னொரு இடத்தில், டெக்ஸ்ட்ரோஸ் என்று மூன்றாவது இடத்தில், சர்க்கரைதான் பிரிந்து பிரிந்து உட்கார்ந்திருக்கும். கலோரிக் கணக்கையும் முழுப் பாக்கெட்டுக்கா, 'ஒரு பரிமாறலுக்கா' என்று பாருங்கள். இவ்வளவு துப்பறியும் வேலையைச் சாப்பிடுகிறவர் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. சிலி நாட்டில் 2016 முதல் உப்போ சர்க்கரையோ அதிகமானால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை போட்டாக வேண்டும். அதன் பிறகு அங்கே இனிப்புப் பானங்களின் விற்பனை சுமார் நாலில் ஒரு பங்கு குறைந்தது.

வேலைக்குப் போகும் பெண்கள் என்னிடம் கேட்பது வேறு: "மேடம், மாவு பாக்கெட் வாங்கலாமா?" தாராளமாக வாங்கலாம். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு. இதற்கு மேல் எதுவும் எழுதியிருந்தால் மட்டும் வேறு கடை பாருங்கள். பிள்ளைக்குப் பள்ளி விட்டு வந்ததும் கொடுக்க, காலையிலேயே ஒரு டம்ளர் கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிட்டுப் போங்கள். சாயங்காலம் குக்கரில் ஐந்தாறு விசில். அதற்கும் நேரம் இல்லாத நாளில், பேருந்து நிறுத்தத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் பத்து ரூபாய்க்கு வேகவைத்த வேர்க்கடலை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தோலை உரித்து உரித்துத் தின்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும்.

நன்றி, வணக்கம்.