கூச்சம் போனது, மனச்சாட்சி போகவில்லை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாளையங்கோட்டையின் இந்த வெக்கையைப் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். 'மனிதனை அவனாக வைத்திருப்பது நினைவா, இயல்பா' என்ற கேள்விக்கு, இயல்பே என்று வாதிட வந்திருக்கிறேன்.

இரு அணிக்கும் பொதுவாகத் தரப்பட்ட கதை, 1992 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 'கனன்ட்ரம்' என்ற பகுதி. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலை ஓர் அந்நியக் கப்பல் தன் ஒளிக்கற்றையால் துழாவுகிறது. அந்த நொடியில் கப்பலில் உள்ள எல்லோருக்கும் தம் பெயர், உறவு, பதவி அனைத்தும் மறந்துபோகின்றன. கப்பலை ஓட்டும் திறமை மட்டும் கைகளில் மிஞ்சுகிறது. கணினியைத் தட்டிப் பார்த்தால், லைசியர் என்ற இனத்தோடு போர் நடக்கிறது, அவர்களுடைய தலைமை நிலையத்தை அழிப்பதே உங்கள் பணி என்று அது சொல்கிறது. அது பொய். லைசியர்களின் உண்மையான எதிரிகளான சட்டாரர்கள், மக்டஃப் என்ற தங்கள் ஆளைத் துணைத்தலைவனாகக் கப்பலுக்குள் நுழைத்து, நினைவிழந்தவர்களின் ஆயுதங்களைக் கொண்டு தங்கள் பகையை முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், கப்பலின் உயர் அதிகாரி ரைக்கரையும் அவருக்குக் கீழே பணிபுரியும் ரோ என்ற பெண் அதிகாரியையும் காட்டினார். நினைவு இருந்தவரை ஒருவரையொருவர் கண்டால் முறைத்துக்கொண்ட அந்த இருவரும், நினைவு போன சில மணி நேரத்தில் காதலர்களாகிவிட்டார்கள். ஆகவே நம்மைக் கட்டி வைத்திருப்பது நினைவுதான், அது அவிழ்ந்தால் மனிதன் அவிழ்ந்துபோவான் என்றார். கூர்மையான வாதம். ஆனால் அவிழ்ந்தது எது என்பதை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அவிழ்ந்தது கூச்சம். இவள் எனக்குக் கீழே பணிபுரிகிறவள், எங்களுக்குள் பழைய சச்சரவு இருக்கிறது, பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்ற கணக்குகள் எல்லாம் நினைவில் எழுதி வைத்தவை. ஊர் வாய்க்கு அஞ்சி நாம் செய்யாமல் விடுகிறவை, ஊரே மறந்துபோனால் நம்மைத் தடுக்க மாட்டா. கூச்சம் அடுத்தவர் கண்ணிலிருந்து நாம் கடன் வாங்கியது. மனச்சாட்சி அப்படிப்பட்டதன்று.

அதே கப்பலின் தலைவர் பிக்கார்டைப் பாருங்கள். தன் பெயரையே ஒரு பட்டியலில் படித்துத் தெரிந்துகொண்ட மனிதர் அவர். பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கும் நிலையத்தின் முன்னால், சுட்டால் போர் முடிந்தது என்று மக்டஃப் நெருக்கும்போது, அவர் மறுத்துவிடுகிறார். இவ்வளவு வலுவற்ற ஆயுதங்களை வைத்திருப்பவர்கள் எப்படி நமக்கு இத்தனை கொடிய பகைவர்களாக இருக்க முடியும் என்று யோசிக்கிறார். கொல்லாதே என்று எந்தப் பள்ளியில் கற்றோம், எந்தத் தாய் சொன்னாள் என்ற நினைவு ஒன்றுகூட அவரிடம் இல்லாதபோது அந்த மறுப்பு வருகிறது. போர்வீரர் இனத்தில் பிறந்த வோர்ஃப் என்ற கப்பல் அதிகாரியை, 'நீயும் நானும் ஒரே சாதி வீரர்கள்' என்று மக்டஃப் தூண்டிப் பார்த்தும், கடைசியில் அவரும் சுட மறுக்கிறார்.

ஒன்றை நான் மறைக்க விரும்பவில்லை. அதற்கு முன் ஒரு லைசியக் கப்பலை அவர்கள் அழித்துவிட்டார்கள். அதில் இருந்தவர்கள் மாண்டுபோனார்கள். நினைவு இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தகவல் இல்லாமையால் நேர்ந்த பிழை. பொய்க் கணக்கைக் கொடுத்தால் நேர்மையான கணக்கப்பிள்ளையும் தவறான தொகையைத்தான் சொல்வான். அதனால் அவன் நேர்மை போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை.

கதையை விட்டு மெய்யான வாழ்க்கைக்கு வருவோம். 1848 செப்டம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இருப்புப்பாதைக்காகப் பாறை உடைத்த குழுவின் தலைவர் ஃபினியஸ் கேஜின் இடது கன்னத்தில் புகுந்த இரும்புக் கம்பி உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார். பழைய நிகழ்ச்சிகளைச் சரியாகவே நினைவுகூர்ந்தார். ஆனால் பொறுப்பும் பொறுமையும் உள்ளவராக இருந்தவர், வாய்க்கு வந்ததைத் திட்டுகிறவராக, நிலைகொள்ளாதவராக மாறினார். இவர் பழைய கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொன்னதை அவருக்கு மருத்துவம் பார்த்த ஜான் ஹார்லோ 1868-இல் எழுதி வைத்தார். அவருக்குச் சிதைந்தது மூளையின் முன்பகுதி. இதற்கு நேர்மாறாக, 1985-இல் மூளைக்காய்ச்சலால் நினைவை இழந்த பிரிட்டன் இசைக்கலைஞர் கிளைவ் வேரிங், சற்று முன் நடந்தது எதையும் பிடித்து வைக்க முடியாதவராக ஆனார். அறையை விட்டு நொடிப்பொழுது வெளியே போய்வந்த மனைவியைப் பல ஆண்டு பிரிந்தவரைப் போல ஒவ்வொரு முறையும் கட்டித் தழுவினார். நினைவு இருந்தவர் வேறொருவர் ஆனார். நினைவு போனவர் அவராகவே இருந்தார். எதிரணியினர் இதை எப்படிக் கடப்பார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

இயல்பு என்பதே பழைய நினைவுகள் படிந்து உண்டானதுதானே என்று அவர்கள் கேட்கக்கூடும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம் விளைவிக்கும் நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டலைக் கொண்டுவந்தது வெள்ளம்தான். வெள்ளம் வடிந்தபின் வயலில் விளைவது வெள்ளமன்று, மண்.

என் ஆச்சி கல்லிடைக்குறிச்சியில் வாழ்ந்தவர். கடைசி நான்கு ஆண்டுகள் மறதி நோயில் கிடந்தார். பெரியவர்கள் முன் குரல் உயர்த்தியே அறியாதவர், அந்த நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் பாடினார். தாத்தாவின் அண்ணனை, நாங்கள் எல்லோரும் அஞ்சி நின்ற அந்த மனிதரை, பெயர் சொல்லி அதட்டினார். அறுபது ஆண்டுக் கூச்சம் அத்தனையும் ஒரே கோடையில் உதிர்ந்துபோயிற்று. என்னை அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "யாருய்யா நீங்க? வெயில்ல வந்திருக்கியளே, சாப்ட்டியளா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், எழ முடியாத உடம்போடு அடுப்படிக்குப் போக எழுந்தார். அந்தக் கேள்வியை வீட்டுக்கு வந்த தபால்காரரிடமும் கேட்டார், வழி தவறி வந்தவரிடமும் கேட்டார். எல்லா நோயாளிக்கும் இப்படி அமைவதில்லை என்பதை அறிவேன். நோய் முன்மூளையைத் தின்னும்போது குணமும் சிதைகிறது. அப்படிச் சிதையும் குடும்பங்களின் துயரமும் நான் சொல்வதற்கே சான்று: பெயரை மறந்ததற்காக அவர்கள் இவ்வளவு அழுவதில்லை, குணம் மாறியபோதுதான் ஆளே போய்விட்டதாக அழுகிறார்கள்.

கதையின் முடிவில் எல்லோருக்கும் நினைவு திரும்புகிறது. ரைக்கர், ரோவும் தன் பழைய தோழி ட்ராயும் அமர்ந்திருக்கும் மேசையின் முன்னே சொல்வதறியாது நிற்கிறார். நினைவோடு கூச்சமும் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் சுட மறுத்த பிக்கார்டு, நினைவு திரும்பியதும் அந்த மறுப்பைத் திரும்பப் பெற வேண்டியிருக்கவில்லை. தான் யார் என்றே அறியாத மனிதர் சொன்ன அந்த 'மாட்டேன்' எந்த நினைவிலிருந்து வந்தது என்பதை, எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த அவைக்குச் சொல்லட்டும், நடுவர் அவர்களே. வணக்கம்.