பழைய பேருந்துகளுக்கு எப்போது ஓய்வு?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பேருந்து அடிக்கடி வழியில் நிற்கத் தொடங்கிய பிறகே அதற்கு மாற்று தேடும் நிறுவனம் காலம் தாழ்த்திவிட்டது என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் ஒப்பந்தம் முடிந்து, சேசிஸ் எனப்படும் அடிச்சட்டகம் வந்து, அதன்மேல் கூண்டு கட்டி, புதிய வண்டி தடத்தில் ஓடுவதற்குப் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேல், ஆகிவிடும்.

பேருந்துக்கு இரண்டு செலவுகள் உண்டு. வாங்கிய விலையை அது ஓடிய ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் அந்தப் பங்கு ஆண்டுதோறும் குறையும். பராமரிப்புச் செலவோ ஏறிக்கொண்டே போகும். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் காலமே மாற்றுவதற்கு ஏற்ற காலம். ஆனால் அந்த இடத்தில் கணக்கு பெரும்பாலும் சட்டென்று மாறுவதில்லை என்பதால், ஓராண்டு முந்தினாலும் பிந்தினாலும் பெரிய இழப்பு வராது. திட்டமிடுபவருக்குக் கிடைக்கும் இந்த நெகிழ்வுதான் மிக முக்கியமானது. இதைப் பயன்படுத்தியே கொள்முதலை ஆண்டுகளுக்குச் சீராகப் பரப்ப முடிகிறது. அமெரிக்காவில் கூட்டரசு நிதியில் வாங்கும் பெரிய நகரப் பேருந்துகளுக்கு 12 ஆண்டு அல்லது 5 லட்சம் மைல் என்று வரையறுத்திருப்பதும் குறைந்தபட்ச ஆயுளே. அந்த நாளிலேயே கழித்துவிட வேண்டும் என்ற கட்டளை அல்ல.

600 பேருந்துகள் உள்ள நிறுவனம் ஒவ்வொன்றையும் 12 ஆண்டு ஓட்டுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 50 வண்டிகள் வாங்கினால் எல்லா வயதிலும் வண்டிகள் இருக்கும். நிதி நெருக்கடியில் மூன்று ஆண்டுகள் வாங்காமல் விட்டால் 150 வண்டிகளின் கடன் சேர்கிறது. அதை ஒரே ஆண்டில் அடைத்தால், அந்த 150 வண்டிகளும் 12 ஆண்டு கழித்து ஒன்றாக மூப்படைந்து அதே நெருக்கடியை மீண்டும் கொண்டுவரும். ஆகவே, நிர்வாகங்கள் பெருமையோடு காட்டும் சராசரி வயதை மட்டும் நம்பிவிடக் கூடாது. எல்லா வண்டிகளும் ஆறு வயதில் இருந்தாலும், பாதி புதியவையும் பாதி 12 வயதை எட்டியவையுமாக இருந்தாலும் சராசரி ஆறுதான். நெருக்கடியான ஆண்டிலும் 50க்குப் பதில் 20 வண்டிகளாவது வாங்குவது, முற்றிலும் நிறுத்துவதைவிடப் பல மடங்கு மேல்.

ஏற்கெனவே ஒரே வயதில் குவிந்துவிட்ட வண்டிகளைப் பிரிக்கவும் வழியுண்டு. துருவேறியவற்றை முதலில் கழிக்கலாம். என்ஜினை மாற்றிவிடலாம், சட்டகம் அரித்துவிட்டால் செலவு கட்டுப்படியாகாது. உறுதியானவற்றை முழுச் சீரமைப்புச் செய்து, நெரிசல் நேரத்துக்கு மட்டும் ஓடும் தடங்களுக்கு மாற்றி, சில ஆண்டுகள் நீட்டிக்கலாம். லண்டனின் ரூட்மாஸ்டர் பேருந்துகள் பிரித்துச் சீரமைக்க ஏற்ற வடிவமைப்பால்தான் பல பத்தாண்டுகள் உழைத்தன. இருந்தும், சக்கர நாற்காலியில் வருபவர் ஏற முடியாத அந்த வண்டிகள் 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து விலகின. இயந்திரம் நன்றாக இருந்தாலும் வடிவமைப்பு முதுமையடையலாம் என்பதற்கு இது சான்று.

மின்பேருந்துகளுக்கு மாறும் இக்காலத்தில் வரிசையும் முக்கியமாகிறது. பணிமனைக்கு உயரழுத்த மின் இணைப்பும் மின்னேற்று வசதியும் முதலில் வர வேண்டும். வண்டிகள் அதன் பிறகே வர வேண்டும். மின்கலத்தின் திறன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவதால், புதிதாக இருக்கும்போது நீண்ட தடத்தில் ஓடிய வண்டியைப் பின்னர் குறுகிய தடத்துக்கு மாற்றுவதற்கும், இடையில் மின்கலத்தை மாற்றுவதற்கும் வாங்கும் நாளிலேயே இடம் ஒதுக்கிவைக்க வேண்டும்.