போர்முனையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு

நேயர்களுக்கு வணக்கம். போர்முனைக் கடிதம் என்றதும் அம்மாவுக்கு எழுதியதும் காதலிக்கு எழுதியதும்தான் நம் நினைவுக்கு வரும். நான் வெகுகாலமாகத் தேடிப் படிப்பது வேறு ரகம்: படித்த பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கடிதங்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் இளம் அதிகாரிகள் பலர் வகுப்பறையை விட்டு நேரே வந்தவர்கள். வீட்டுக்கு எழுதினால் அம்மா பயந்துபோவாள் என்று பாதியை மறைக்க வேண்டும். பழைய வாத்தியாரிடம் அவ்வளவு மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம் அவர் முன்னால் அழுதுவிடவும் முடியாது. அதனால் அந்தக் கடிதங்களுக்கு ஒரு தனி மிடுக்கு வந்துவிடுகிறது.

சார்ல்ஸ் சார்லி என்ற இளம் கவிஞரைப் பாருங்கள். இங்கிலாந்தின் மார்ல்பரோ பள்ளி மாணவர். போருக்கு முன் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தவர், ஊர் திரும்பி சஃபோக் படைப்பிரிவில் சேர்ந்தார். 1915 ஜூலையில் பிரான்சிலிருந்து தம் பழைய ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார், முழுக்கச் செய்யுளாகவே! ஹோமரின் ஒடிஸியைக் கையோடு கொண்டுவரவில்லை என்று தொடங்கி, பள்ளியைச் சுற்றியுள்ள குன்றுகளுக்குப் போய்விடுகிறார். சீக்கிரமே எல்லாரும் பள்ளி இருக்கும் அந்தச் சிவப்புக் கூரை ஊருக்கு வந்து சேருவோம், உடம்போடோ உடம்பில்லாமலோ என்கிறார். இதை அம்மாவுக்கு எழுத முடியுமா, சொல்லுங்கள்?

இந்த இடத்தில் தபாலைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. ராணுவ ரகசியம் வெளியே போகாதபடி சிப்பாய்களின் கடிதங்களைப் படித்து, ஊர்ப்பெயரை அடித்துவிட்டு அனுப்புவது இந்த இளம் அதிகாரிகளின் வேலை. தகப்பன் வயதுள்ளவன் மனைவிக்கு எழுதியதை இருபது வயதுப் பையன் படிக்கிறான்! அந்தப் பையன் எழுதும் கடிதத்தைப் பெரும்பாலும் அவன் நாணயத்தை நம்பியே விட்டுவிடுவார்கள். அப்புறம், அச்சடித்த அட்டை ஒன்று உண்டு. 'நான் நலம்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன்', 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று வரிகள் இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். கூட ஒரு சொல் எழுதினாலும் அட்டையைக் கிழித்துப்போடுவார்கள். மருத்துவமனைக்கும் போகவில்லை, நலமாகவும் இல்லை என்பவனுக்கு அதில் வரியே கிடையாது. மறுபடியும் சொல்கிறேன், வரியே கிடையாது. அப்படிப்பட்டவன் உட்கார்ந்து பென்சிலால் எழுதிய நாலு பக்கக் கடிதத்தின் அருமை அந்த அட்டையைப் பார்த்தால்தான் புரியும்.

சார்லி 1915 அக்டோபர் 13 அன்று லூஸ் போரில் சுடப்பட்டு இறந்தார். வயது 20, அதற்குள் கேப்டன். பெற்றோர் அவர் கடிதங்களைத் தொகுத்து 1919இல் வெளியிட்டார்கள்.

சரி, நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பள்ளி இதழ்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: பழைய மாணவர்களின் கடிதங்களை அவற்றில் அச்சிடுவார்கள், ஆனால் அச்சில் வருவது இதழின் ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்த பகுதிதான். மூலக் கடிதம் எங்காவது கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நன்றி, வணக்கம்.