கொசுவைத் துப்ப வச்சு டெங்கு டெஸ்ட்! எப்படி?

ஒரு கொசு உடம்புல டெங்கு வைரஸ் இருக்கு. அது கடிச்சா டெங்கு வந்துடுமா? கட்டாயம் இல்ல! வைரஸ் வயித்துலயே தங்கிட்டா நமக்கு வராது. எச்சில் சுரப்பிக்கு ஏறினாத்தான் வினை. அதுக்குச் சுமாரா 8 முதல் 12 நாள் ஆகும், பல கொசு அதுக்குள்ள செத்தே போயிடும்.

கொசுவுல வைரஸ் இருக்கான்னு தேடுற வழக்கமான சர்வே என்னன்னு மடமடன்னு பார்த்துடலாம். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு பகல்ல கடிக்கிறது, ராத்திரி விளக்குப் பொறிக்கு அவ்வளவா வராது. மனுஷத் தோல் வாசனை வச்சு, ஃபேன் இழுக்குற பொறிதான் சரி. பேட்டரி இறங்கினா பிடிச்சது பறந்துடும். எறும்பு ஏறினா மிஞ்சுறது வெறும் இறக்கை. அதனால பொறி தொங்குற கயித்துல கிரீஸ் தடவுங்க.

பிடிச்ச கொசுவைக் குளிர்தட்டுல வச்சு இனம் பிரிக்கணும். முதுகுல யாழ் வடிவத்துல வெள்ளைக் கோடுன்னா ஏடிஸ் எஜிப்டி, நடுவுல ஒரே கோடுன்னா ஏடிஸ் அல்போபிக்டஸ். வயிறு சிவந்து உப்பியிருந்தா தனியா வைங்க. வைரஸ் கொசுவோடதா, அது குடிச்ச நோயாளி ரத்தத்தோடதான்னு சொல்ல முடியாது. மத்த பெண் கொசுக்களை குழாய்க்கு 25, 25-ஆ அரைச்சு, வைரஸோட ஆர்என்ஏ-வை (மரபுப்பொருளை) தேடுற ஆர்டி-பிசிஆர் டெஸ்ட். 40 குழாய், 1000 கொசு, 2 பாசிட்டிவ்னா, 1000-க்குக் குறைஞ்சது 2 கொசுவுல வைரஸ் இருக்கு. ஏன் 'குறைஞ்சது'? ஒரே குழாய்ல ரெண்டு மூணு இருந்தாலும் பிசிஆர் எண்ணிச் சொல்லாது. கொசுவை ஐஸ்ல வச்சுத்தான் ஆய்வகத்துக்கு அனுப்பணும், வழியில அது உருகினா ஆர்என்ஏ சிதைஞ்சு, இருக்குற வைரஸும் இல்லைன்னு வந்துடும்.

இப்ப நம்ம ஹீரோ: தேன் தடவின கார்டு! கொசு இனிப்பு உறிஞ்சும்போதும் எச்சில் விடும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010-ல வெளியிட்ட வேலை இது. கார்டுல ஏத்தின ரசாயனம் வைரஸைச் செயலிழக்க வச்சு, ஆர்என்ஏ-வை மட்டும் காப்பாத்தும். ஐஸ் பெட்டியே வேண்டாம், சாதாரண உறையில ஆய்வகத்துக்கு அனுப்பலாம். குடிச்சுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? தேன்ல நீலச் சாயம் கலந்துடுவாங்க, குடிச்ச கொசுவோட வயிறு நீலமாயிடும். எனக்கு இதுல பிடிச்சதே இந்த நீல வயிறுதான். உங்களுக்கு எது, கமெண்ட்ல போடுங்க.

சிக்கலும் உண்டு. கொசு உயிரோட இருந்தாத்தான் குடிக்கும். ஃபேன் காத்துல காஞ்சு சாகும்னா, கரியமில வாயுவால ஈர்த்து அடைக்கிற ஃபேன் இல்லாத பெட்டிதான் வைக்கணும். தேன் காய்ஞ்சா வாய் வைக்காது. எச்சிலும் துளியூண்டு, அதனால பிசிஆர் சிக்னல் ரொம்பத் தாமதமாத்தான் தலைகாட்டும், தவறியும் போகலாம். நெகட்டிவ் வந்தா நிம்மதியாத் தூங்கிடாதீங்க. பாசிட்டிவ் வந்தாலும் துப்பினது எந்த இனம்னு கார்டு சொல்லாது, அதுக்குப் பெட்டியில இருக்குறதைப் பிரிச்சு அரைச்சே ஆகணும்.