அகன்ற எழுத்தைச் சாய்ப்பது ஏன் கடினம்?

[திரையில்: தடித்த, அகன்ற ரோமன் எழுத்து 'ஓ', நிமிர்ந்த நிலையில்.]

கார்ப் பந்தயச் சின்னம், விளையாட்டு உடையின் எண், அதிரடி வீடியோ விளையாட்டின் தலைப்பு. மூன்றிலும் ஒரே வகை எழுத்துருவை அடிக்கடி பார்க்கலாம்: தடிமனானது, அகலமானது, வலப்பக்கம் சாய்ந்தது, செரிஃப் (கோடுகளின் முனையில் வரும் சிறு நீட்டல்) இல்லாதது.

சாய்வென்றால் வேகம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நிச்சயமாக இட்டாலிக் என்னும் சாய்வெழுத்தின் பிறப்பிலிருந்து அல்ல. 1501-இல் வெனிஸில் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸ் வெளியிட்ட, லத்தீன் கவிஞர் வெர்ஜிலின் நூலில் வந்த சாய்வெழுத்து, கையெழுத்தைப் பார்த்து அச்செழுத்து வெட்டுநர் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டியது. அமைதியாகப் படிக்க வேண்டிய கவிதைக்கான எழுத்து அது!

[திரையில்: ஓடும் பழைய கார், சக்கரங்கள் முன்னோக்கிச் சாய்ந்த நீள்வட்டங்களாக.]

புகைப்படங்களுக்கு இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். சில பழைய கேமராக்களில் ஷட்டரின் மெல்லிய இடுக்கு நகர்ந்து நகர்ந்து காட்சியைப் பதிவு செய்யும். சக்கரத்தின் அடிப்பகுதி பதிந்து, மேற்பகுதி பதிவதற்குள் கார் முன்னே போயிருக்கும். அதனால் சக்கரமே சாய்ந்து தெரியும். கேலிச்சித்திரக்காரர்கள் இந்தக் கோளாறை விரும்பி எடுத்துக்கொண்டார்கள்.

இனி வடிவமைப்பு. தடிமனும் அகலமும் நல்ல கூட்டாளிகள். தடிமன் கூடினால் எழுத்தின் உள்வெளி, அதாவது கோடுகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடம், அடைபடும். அகலம் அதைத் திறந்துவிடும். ஆனால் பக்கவாட்டில் மட்டும்தான். 'எஸ்' எழுத்தில் மூன்று படுக்கைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அதே உயரத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே அவற்றைச் செங்குத்துக் கோடுகளைவிட மெலிதாக வரைகிறார்கள்.

சாய்வு வந்ததும் சிக்கல் தொடங்குகிறது.

[திரையில்: 'ஓ' வலப்பக்கம் சாய்கிறது, தடித்த இடங்கள் சிவப்பில்.]

மென்பொருளில் ஒரு சொடுக்கில் சாய்த்துவிடலாம். விளைவைப் பாருங்கள்: மேல் வலதும் கீழ் இடதும் புடைக்கின்றன, மேல் இடதும் கீழ் வலதும் இளைக்கின்றன. மெல்லிய எழுத்தில் இது கண்ணில் படாமல் போகலாம். தடித்த எழுத்தில் 'ஓ' நசுங்கியதுபோல் நிற்கும். நல்ல வடிவமைப்பாளர் சாய்த்த பிறகு ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்துகிறார். வாங்கும் எழுத்துரு தரமானதா என்று பார்க்க நான் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பது இந்த 'ஓ'வைத்தான்.

இன்னொன்று: படுக்கைக் கோடுகள் எவ்வளவு சாய்த்தாலும் படுக்கையாகவே இருக்கும். அகன்ற எழுத்தில் அவைதான் நீளம். எனவே 10 டிகிரிச் சாய்வு குறுகிய எழுத்தில் பளிச்சென்று தெரியும். அகன்ற எழுத்தில் அடங்கிப்போகும். கூடுதல் கோணம் தேவைப்படலாம். கோணம் கூடினால் திருத்த வேலையும் கூடும்.

எழுத்துருவில் சாய்வு வடிவமே இல்லாவிட்டால் பிரவுசர் தானாகச் சாய்த்துக் காட்டும். அந்தத் திருத்தம் எதுவும் அதில் இருக்காது. ஆகவே சாய்வு வடிவத்தின் கோப்பையும் இணையதளத்தில் சேர்த்துவிடுங்கள்.

பயன்படுத்தும்போது எழுத்துகளுக்கு இடையிலான வெளியைச் சற்றுக் குறையுங்கள். பெரிய அளவில், இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்துங்கள். பத்தி முழுவதும் இதில் அமைத்தால் ஒரு வரியில் நான்கு சொற்கள்கூட அடங்காது.